முற்கூற்றும் உண்மை, முடிவும் உண்மை. பிறகு ஏன் செல்லாது?

வாசகர் கேள்வி, ஜனவரி 4

"எல்லாப் பாலூட்டிகளும் முதுகெலும்பு உள்ளவை. எல்லாத் திமிங்கிலங்களும் முதுகெலும்பு உள்ளவை. ஆகவே எல்லாத் திமிங்கிலங்களும் பாலூட்டிகள்." பயிற்சித்தாள் ஒன்றில் இந்த முடிவு செல்லாது என்று விடை தந்திருக்கிறார்கள். மூன்று வரிகளில் எது பொய்? உண்மையான இரண்டு கூற்றுகளிலிருந்து உண்மையான மூன்றாவது கூற்றுக்கு வந்திருக்கிறோம். விடைத்தாள்தான் தவறு என்பது என் கருத்து.

ஜனவரி 4, இரவு

விடைத்தாள் சரி. திமிங்கிலத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தவளையை வைத்துப் பாருங்கள். எல்லாப் பாலூட்டிகளும் முதுகெலும்பு உள்ளவை; எல்லாத் தவளைகளும் முதுகெலும்பு உள்ளவை; ஆகவே எல்லாத் தவளைகளும் பாலூட்டிகள். முற்கூற்றுகள், அதாவது முடிவுக்கு முன் வரும் கூற்றுகள், இரண்டும் இப்போதும் உண்மைதான், முடிவு மட்டும் பொய்யாகிவிட்டது. வாக்கியங்களின் அமைப்பில் ஓர் எழுத்தைக்கூட நாம் மாற்றவில்லை. முதல் வடிவில் முடிவு உண்மையாக இருந்ததற்கு விலங்கியல் காரணமே தவிர, அந்த இரு முற்கூற்றுகள் காரணமல்ல.

உய்த்தறிதலில், அதாவது தரப்பட்ட கூற்றுகளிலிருந்து கட்டாயமாகப் பிறக்கும் முடிவைத் தேடும் வாதத்தில், ஒரு முடிவு செல்லும் என்றால், முற்கூற்றுகள் உண்மையாக இருக்கும் எந்தச் சூழலிலும் அந்த முடிவு பொய்யாக இருக்கவே முடியாது என்று பொருள். முற்கூற்றுகள் உண்மையாகவும் முடிவு பொய்யாகவும் இருக்கும் ஒரே ஒரு சூழலைக் காட்டிவிட்டால் போதும், அது செல்லாது. அந்தச் சூழல் நடந்ததாக இருக்க வேண்டிய தேவையில்லை. நடக்கக்கூடியதாக, முன்பின் முரணில்லாததாக இருந்தால் போதும். தவளை நமக்கு அந்த எதிரெடுத்துக்காட்டைத் தந்துவிட்டது.

ஜனவரி 5

மேலே சொன்னதற்கு மறுபக்கமும் உண்டு. "எல்லாப் பறவைகளும் பறக்கும், பெங்குவின் ஒரு பறவை, ஆகவே பெங்குவின் பறக்கும்." முடிவு பொய். ஆனால் இந்த உய்த்தறிதல் செல்லும். பிழை முதல் கூற்றில் இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டவர் முடிவையும் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். "முடிவு உண்மையா?" என்பது ஒரு கேள்வி, "முடிவு இவற்றிலிருந்து பிறக்கிறதா?" என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பதால்தான் பெரும்பாலான குழப்பங்கள் வருகின்றன.

ஜனவரி 9

இந்தக் குழப்பம் தனிப்பட்ட ஒருவரின் கவனக்குறைவு அன்று என்பதற்கு வலுவான சான்று உண்டு. உளவியலாளர்கள் ஜொனாதன் எவான்ஸ், ஜூலி பார்ஸ்டன், பால் போலார்ட் ஆகிய மூவரும் 1983ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் பயன்பட்ட வாதங்களில் ஒன்று இது: "அடிமைப்படுத்தும் பொருள்கள் எவையும் மலிவானவை அல்ல. சில சிகரெட்டுகள் மலிவானவை. ஆகவே அடிமைப்படுத்தும் பொருள்களில் சில சிகரெட்டுகள் அல்ல." படித்தவுடன் தலையாட்டத் தோன்றும், ஏனெனில் முடிவு நமக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தி. ஆனால் முடிவு செல்லாது. உலகில் அடிமைப்படுத்தும் ஒரே பொருள் விலையுயர்ந்த சிகரெட் மட்டுமே என்றும், மலிவான சிகரெட்டுகளில் போதை எதுவும் இல்லை என்றும் கற்பனை செய்யுங்கள். முற்கூற்றுகள் இரண்டும் நிற்கின்றன, முடிவு விழுந்துவிடுகிறது.

அதே முற்கூற்றுகளிலிருந்து உண்மையில் பிறக்கும் முடிவு, "சில சிகரெட்டுகள் அடிமைப்படுத்துபவை அல்ல" என்பதுதான். அதைக் கேட்டால் நம்பத் தோன்றாது, ஆனால் செல்லும். அந்த ஆய்வில் செல்லாத, ஆனால் நம்பும்படியான முடிவுகளை 71 விழுக்காடு பேர் ஏற்றுக்கொண்டார்கள். செல்லுகிற, ஆனால் நம்ப முடியாத முடிவுகளை ஏற்றவர்கள் 56 விழுக்காடுதான். செல்லாததும் நம்ப முடியாததுமான முடிவுகளை ஏற்றவர்களோ வெறும் 10 விழுக்காடு. இந்தக் கடைசி எண்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மனிதர்களுக்குச் செல்லாத முடிவை இனங்காணும் திறமை இல்லாமல் இல்லை. முடிவு பிடிக்காதபோது அதைத் தேடித் துருவிப் பிழையைக் கண்டுபிடித்துவிடுகிறோம். பிடித்திருக்கும்போது தேடுவதையே நிறுத்திவிடுகிறோம்.

வடிவியல் கற்பிக்கும்போது இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். மாணவர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "சதுரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும். இந்த நாற்கரத்தின் மூலைவிட்டங்கள் செங்குத்தாக வெட்டுகின்றன. ஆகவே இது சதுரம்." பக்கத்தில் அவர் வரைந்திருந்த படம் அச்சு அசல் சதுரம். எவ்வளவு விளக்கியும் அவர் கண் அந்தப் படத்தை விட்டு அகலவில்லை. படத்தை மறைத்துவிட்டு, கொடுக்கப்பட்ட ஒரே தகவலை மட்டும் வைத்துப் புதிதாக வரையச் சொன்னேன். நீளமான நிலைக்கோடு ஒன்றை வரைந்தார். அதன் மேற்பகுதியில், உச்சியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தொலைவில், குட்டையான கிடைக்கோடு ஒன்றைச் செங்குத்தாக வரைந்தார். நான்கு முனைகளையும் இணைத்தார். பட்டம் வந்தது. அதற்குமேல் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. எதிரெடுத்துக்காட்டைப் பிறர் கையில் தருவதைவிட அவர்களே வரையும்படி விடுவது நல்லது என்று அன்றிலிருந்து நினைக்கிறேன்.

ஜனவரி 12

"இது இருந்தால் அது இருக்கும்" என்ற நிபந்தனை வரும் வாதங்களைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். எண்களை வைத்துப் பேசுவது எளிது. "ஓர் எண் 4ஆல் வகுபட்டால், அது இரட்டை எண்." இதிலிருந்து நான்கு வழிகளில் நகரலாம். 4ஆல் வகுபடுகிறது, ஆகவே இரட்டை: செல்லும். இரட்டை எண் அல்ல, ஆகவே 4ஆல் வகுபடாது: இதுவும் செல்லும். இரட்டை எண், ஆகவே 4ஆல் வகுபடும்: செல்லாது. 4ஆல் வகுபடவில்லை, ஆகவே இரட்டை எண் அல்ல: இதுவும் செல்லாது.

செல்லாத இரண்டையும் வீழ்த்த 6 என்ற ஒரே எண் போதும். அது இரட்டை எண், ஆனால் 4ஆல் வகுபடவில்லை. இது தற்செயல் அன்று. இரண்டு பிழைகளும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள். இரண்டுமே கூற்றையும் அதன் மறுதலையையும் (அதாவது, இரட்டை எண் என்றால் 4ஆல் வகுபடும் என்று திருப்பிப் போட்ட கூற்றையும்) ஒன்றாகக் கருதுகின்றன. ஆகையால் ஒன்றை வீழ்த்தும் எதிரெடுத்துக்காட்டு மற்றதையும் வீழ்த்தியே தீரும். பாடங்களில் இவற்றை இரண்டு தனித்தனிப் பெயர்களில் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். அதற்குப் பதிலாக இந்த ஒற்றுமையைக் காட்டியிருந்தால் மாணவர்களுக்கு எவ்வளவோ உதவியாக இருக்கும்.

ஜனவரி 12, பின்னிரவு

நிபந்தனைக் கூற்றைப் பற்றிப் பேசிவிட்டு வேசனின் அட்டைகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உளவியலாளர் பீட்டர் வேசன் 1966இல் அறிமுகப்படுத்திய சோதனை அது. மேசைமேல் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். நம் எழுத்துகளில் சொல்வதானால், கண்ணுக்குத் தெரிபவை அ, க, 4, 7. "ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால், மறுபக்கம் இரட்டை எண் இருக்கும்" என்ற விதி உண்மையா என்று அறிய எந்தெந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்?

பெரும்பாலோர் அ, 4 ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அல்லது அ மட்டும் போதும் என்கிறார்கள். அ, 7 என்ற சரியான விடையைச் சொல்பவர்கள் பொதுவாகப் பத்தில் ஒருவர்கூடத் தேறுவதில்லை. 4ஐத் திருப்புவதால் பயன் இல்லை, ஏனெனில் அதன் பின்னால் என்ன இருந்தாலும் விதி உடையாது. 7இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடைந்துவிடும். விதியை உடைக்கக்கூடிய அட்டை எது என்று தேடுவதும், முடிவை உடைக்கக்கூடிய சூழல் எது என்று தேடுவதும் ஒரே வேலைதான்; நம் மனமோ விதிக்கு ஒத்துவரும் அட்டையையே தேடிப் போகிறது.

ரிச்சர்டு கிரிக்ஸும் ஜேம்ஸ் காக்ஸும் 1982இல் இதே சோதனையை மது அருந்துவதற்கான வயது வரம்பாக மாற்றிக் கொடுத்தபோது, ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் சரியாகத் தேர்ந்தெடுத்தார்கள். விதியை மீறுகிறவரைத் தேட வேண்டும் என்பது அங்கே சொல்லாமலே விளங்கிவிடுகிறது.

ஜனவரி 13

12ஆம் தேதிக் குறிப்புக்கு ஒரு வரம்பு சொல்ல வேண்டும். "மூன்று பக்கங்களும் சமமானால் மூன்று கோணங்களும் சமம், இந்த முக்கோணத்தின் கோணங்கள் சமம், ஆகவே பக்கங்கள் சமம்." எழுதியிருக்கும் அளவில் இது செல்லாத வடிவம்தான். ஆனால் இங்கே மறுதலையும் நிரூபிக்கப்பட்ட தேற்றம். எழுதியவர் அதை மனத்தில் வைத்துக்கொண்டு தாளில் விட்டிருக்கலாம். அன்றாடப் பேச்சில் இப்படி விடுபட்ட முற்கூற்றுகள் ஏராளம். எனவே ஒருவருடைய வாதத்தைச் செல்லாது என்று ஒதுக்குவதற்கு முன், அவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்று கேட்பது நியாயம். அதைக் கேட்டு வாங்கி எழுதிவிட்டு, பிறகு சோதிக்கலாம். நாமாகவே நிரப்பிக்கொண்டு "செல்லும்" என்று சொல்வதைத்தான் தவிர்க்க வேண்டும், ஏனெனில் நமக்குப் பிடித்த முடிவுகளுக்கு மட்டும் அந்த உதவியைச் செய்வோம்.

ஜனவரி 17

நெருப்பு இருந்தால் புகையும் இருந்தே ஆக வேண்டுமா என்ற கேள்விக்கு. "நெருப்பில்லாமல் புகையாது" என்ற பழமொழி எந்தத் திசையில் பேசுகிறது என்று பாருங்கள்: புகை இருந்தால் நெருப்பு உண்டு. நெருப்பு இருந்தால் புகை உண்டு என்று அது சொல்லவில்லை. தருக்கத்தை ஆராய்ந்த இந்திய நியாய மரபில் இந்த இரண்டாவது திசைக்கு ஓர் அருமையான எதிரெடுத்துக்காட்டு வைத்திருக்கிறார்கள்: பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டு. அதில் நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. அவர்கள் அதோடு நிற்கவில்லை. புகைக்கு நெருப்பு மட்டும் போதாது, ஈர விறகும் சேர வேண்டும் என்று விடுபட்ட நிபந்தனையையும் சுட்டிக்காட்டினார்கள். எதிரெடுத்துக்காட்டு கிடைத்தவுடன் வாதத்தைத் தூக்கி எறியாமல், எந்த நிபந்தனை சேர்ந்தால் அது தேறும் என்று தேடுவது எனக்கு மிகவும் உயர்ந்த பழக்கமாகத் தோன்றுகிறது.

ஜனவரி 20

"எல்லா", "சில", "எதுவும் இல்லை" என்று வரும் மூன்று வரி வாதங்களுக்கு விதிகள் உண்டா என்ற கேள்வி பலமுறை வந்துவிட்டது. உண்டு. அரிஸ்டாட்டில் தொடங்கிவைத்த இந்த வகையில், கூற்றுகளின் வகைகளையும் பதங்கள் நிற்கும் இடங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் 256 வடிவங்கள் கிடைக்கின்றன. அவற்றில் மரபுக் கணக்கின்படி செல்லுபவை 24 மட்டுமே. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் அது செல்லாததாக இருக்கும் வாய்ப்பே மிக அதிகம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

விதிகளில் நான் அதிகம் பயன்படுத்துவது ஒன்றுதான். இரண்டு முற்கூற்றுகளிலும் வரும் பொதுவான பதம், ஒரு முறையாவது அதன் முழு வட்டத்தையும் தழுவிப் பேசப்பட்டிருக்க வேண்டும். பாலூட்டி வாதத்தில் "முதுகெலும்பு உள்ளவை" இரண்டு முறை வருகிறது. முதுகெலும்பு உள்ளவை எல்லாவற்றையும் பற்றி எதுவும் சொல்லப்படவில்லை. அந்தப் பெரிய வட்டத்துக்குள் இரண்டு சிறிய வட்டங்கள் எங்கெங்கோ இருக்கலாம். ஒன்றையொன்று தொட வேண்டிய கட்டாயம் இல்லை. அடுத்த விதி, இரண்டு முற்கூற்றுகளும் எதிர்மறையாக இருந்தால் எந்த முடிவும் பிறக்காது என்பது. மற்றவற்றை வட்டம் வரைந்தே பார்த்துக்கொள்ளலாம்.

வட்டம் வரைவதில்தான் ஒரு பொறி இருக்கிறது. கணிதவியலாளர் ஆய்லர் 1760களில் எழுதிய கடிதங்களில் வட்டங்களால் இந்த வாதங்களை விளக்கினார். தருக்கவியலாளர் ஜான் வென் 1880இல் தம் வட்டப் படங்களை வெளியிட்டார். ஆய்லர் முறையில் வரையும்போது நம் கை இயல்பாக முடிவுக்குச் சாதகமான ஒரு படத்தை வரைந்துவிடும். "சில எழுத்தாளர்கள் மருத்துவர்கள், சில மருத்துவர்கள் பாடகர்கள், ஆகவே சில எழுத்தாளர்கள் பாடகர்கள்" என்பதற்கு மூன்று வட்டங்களும் நடுவில் சந்திக்கும் படம் தானாக வந்து விழும். ஒரு படம் முடிவை ஆதரிப்பதால் எதுவும் நிறுவப்படுவதில்லை. முடிவைத் தோற்கடிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு அடுத்த படத்தை வரைய வேண்டும்: எழுத்தாளர் வட்டத்தை மருத்துவர் வட்டத்தின் இடது ஓரத்திலும், பாடகர் வட்டத்தை வலது ஓரத்திலும் தள்ளி வைத்தால் முடிவு அங்கேயே போய்விடும்.

இதில் "சில, சில, ஆகவே சில" என்ற ஓசையே நம்மை ஏமாற்றுகிறது. உளவியலாளர்கள் ராபர்ட் வுட்வொர்த்தும் சால் செல்ஸும் 1935இலேயே இதைக் கவனித்து எழுதினார்கள்: முற்கூற்றுகளின் தோற்றமும் முடிவின் தோற்றமும் ஒத்திருந்தால், மனம் இசைந்துவிடுகிறது.

ஜனவரி 21

24 அல்ல, 15தான் என்று ஒரு நூலில் பார்த்ததாக ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் சரி. பேசப்படும் வகையில் குறைந்தது ஒரு பொருளாவது இருக்கிறது என்று எடுத்துக்கொண்டால் 24; அப்படி எடுத்துக்கொள்ளாத நவீனத் தருக்கத்தில் 15. எஞ்சிய ஒன்பதும் எங்கே உடைகின்றன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: "2ஐ விடப் பெரிய இரட்டைப் பகா எண்கள் எல்லாம் 2ஐ விடப் பெரிய பகா எண்கள். அந்த இரட்டைப் பகா எண்கள் எல்லாம் இரட்டை எண்கள். ஆகவே 2ஐ விடப் பெரிய பகா எண்களில் சில இரட்டை எண்கள்." முடிவு வெளிப்படையாகப் பொய். அப்படிப்பட்ட எண் ஒன்றுகூட இல்லாததால், முற்கூற்றுகளைப் பொய்யாக்க எதுவும் இல்லை. எனவே அவை உண்மை என்றே கொள்ளப்படுகின்றன. "எல்லா" என்பதிலிருந்து "சில" என்பதற்கு இறங்கும் ஒவ்வொரு முறையும், அங்கே ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

ஜனவரி 26

எல்லாவற்றையும் சந்தேகிக்கும் பழக்கம் வந்தவர்களிடம் எதிர்த்திசைப் பிழையையும் காண்கிறேன். தகவல் குறைவாக இருக்கிறது என்று தோன்றியவுடன் "முடிவு சொல்ல முடியாது" என்று விலகிவிடுகிறார்கள். மூன்று பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. முதல் பெட்டி சிவப்பு. மூன்றாவது பெட்டி சிவப்பு அல்ல. நடுப்பெட்டியின் நிறம் தெரியாது. சிவப்புப் பெட்டி ஒன்றின் அடுத்த இடத்தில் சிவப்பு அல்லாத பெட்டி நிச்சயமாக இருக்கிறதா?

நிச்சயமாக இருக்கிறது. நடுப்பெட்டி சிவப்பாக இருந்தால் அதுவும் மூன்றாவதும். சிவப்பாக இல்லாவிட்டால் முதலாவதும் அதுவும். நடுப்பெட்டியின் நிறம் கடைசிவரை நமக்குத் தெரியாது, ஆனாலும் முடிவு செல்லும். "தெரியவில்லை" என்று சொல்வதற்கும் வேலை செய்திருக்க வேண்டும்: முடிவு உண்மையாகும் ஒரு சூழலும் பொய்யாகும் ஒரு சூழலும் கையில் இருந்தால் மட்டுமே அப்படிச் சொல்லலாம்.

பிப்ரவரி 1

"எவ்வளவு தேடியும் எதிரெடுத்துக்காட்டு கிடைக்கவில்லை, ஆகவே செல்லும் என்று வைத்துக்கொள்ளலாமா?" இந்தக் கேள்வியே ஒரு செல்லாத முடிவைச் சுமந்து வருகிறது. கிடைக்கவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு.

மூன்று வரி வாதங்களில் நமக்கு ஒரு வசதி உண்டு. மூன்று வட்டங்கள் வெட்டிக்கொள்ளும்போது, வெளிப்புறத்தையும் சேர்த்து எட்டுப் பகுதிகள் உருவாகின்றன. ஒவ்வொரு பகுதியும் காலியாக இருக்கலாம் அல்லது அதில் ஏதேனும் இருக்கலாம். ஆக மொத்தம் 256 நிலைமைகள். (வடிவங்களின் எண்ணிக்கையும் 256ஆக இருப்பது வெறும் தற்செயல்.) அத்தனையையும் பார்த்து முடித்துவிட்டால், எதிரெடுத்துக்காட்டு இல்லை என்பதை உறுதியாகவே சொல்லலாம். பொருள்களுக்கு இடையிலான உறவுகளும் அடுக்கடுக்கான "எல்லா", "ஏதேனும் ஒன்று" ஆகியவையும் வரும் வாதங்களுக்கு இந்த வசதி இல்லை. செல்லும் முடிவுக்கு நிரூபணம் நிச்சயம் உண்டு என்று தருக்கவியலாளர் கர்ட் கோடல் 1929இல் தம் ஆய்வேட்டில் காட்டினார். ஆனால் கொடுக்கப்பட்ட எந்த வாதத்தையும் வாங்கிக்கொண்டு, செல்லுமா செல்லாதா என்று தவறாமல் சொல்லிவிடும் பொதுவான செய்முறை எதுவும் இருக்க முடியாது என்று அலோன்சோ சர்ச், ஆலன் டூரிங் இருவரும் 1936இல் தனித்தனியே நிறுவினார்கள். எனவே தேடலையும் நிரூபணத்தையும் மாறி மாறிச் செய்வதைத் தவிர வழியில்லை. நிரூபணம் எந்த இடத்தில் முட்டிக்கொள்கிறதோ, அந்த இடத்தில் எதிரெடுத்துக்காட்டைத் தேடுவதே என் வழக்கம். பல நேரங்களில் அது அங்கேதான் இருக்கிறது.

பிப்ரவரி 3

வடிவத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வடிவம் செல்லாததாக இருந்தால் அதில் அடங்கும் ஒவ்வொரு வாதமும் செல்லாது என்று சொல்லிவிட முடியாது. மூன்று வரி வாதம் எதையும் "அ, ஆ, ஆகவே இ" என்று எழுதலாம், அந்த வடிவம் செல்லாது. மிகச் சரியான வாதங்களும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே வாக்கியத்தின் உள்ளமைப்பை எவ்வளவு நுணுக்கமாக எழுத முடியுமோ அவ்வளவு நுணுக்கமாக எழுதிய பிறகே வடிவத்தின்மேல் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 8

மருத்துவத் துறையில் இருப்பவர் ஒருவரின் ஆட்சேபம் ஞாயமானது. "இந்த நோய் இருந்தால் இந்த அறிகுறி தோன்றும், அறிகுறி தோன்றியிருக்கிறது, ஆகவே இந்த நோயாக இருக்கலாம்" என்றுதானே நாங்கள் தினமும் யோசிக்கிறோம், அதையும் பிழை என்பீர்களா என்று கேட்கிறார். இல்லை. "இருக்கலாம்" என்று சொல்லும்வரை அவர் உய்த்தறிதலில் இல்லை; கிடைத்த சான்றுக்கு மிகப் பொருத்தமான விளக்கத்தைத் தேடுகிறார். அது தேவையான வேலை, அதன் தரத்தை அளக்கும் அளவுகோல்களும் வேறு. வேறு எந்தெந்த நோய்களில் அதே அறிகுறி வரும், அவை எவ்வளவு பரவலானவை என்பவை அங்கே முக்கியம். "இருக்கலாம்" என்பது அடுத்த பக்கத்தில் சத்தமில்லாமல் "இருக்கிறது" என்று மாறும்போதுதான் பிழை நிகழ்கிறது. அறிக்கைகளைப் படிக்கும்போது நான் அந்த வினைமுற்றுகளைத் தொடர்ந்து கவனிப்பேன்.

பிப்ரவரி 15

இதுவரை பேசாத ஒரு வகை மிச்சம் இருக்கிறது. "ஒவ்வொரு", "ஏதோ ஒன்று" போன்ற அளவுச் சொற்களின் வரிசை மாறுவது. "ஒவ்வோர் எண்ணுக்கும் அதைவிடப் பெரிய எண் ஒன்று உண்டு. ஆகவே எல்லா எண்களையும்விடப் பெரிய எண் ஒன்று உண்டு." இப்படி எழுதினால் பிழை பளிச்சென்று தெரிகிறது. ஆனால் "ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு காரணம் உண்டு, ஆகவே எல்லா நிகழ்வுகளுக்கும் காரணமான ஒன்று உண்டு" என்றால் பலர் தயங்குகிறார்கள், சிலர் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் அமைப்பு ஒன்றுதான். அப்படி ஒரு பொதுக் காரணம் இருக்கவும் செய்யலாம். அதை இந்த முற்கூற்று தரவில்லை என்பது மட்டுமே இங்கே சொல்லப்படுகிறது. முடிவை நம்புகிறவர் அதற்கு வேறு ஆதாரம் தேட வேண்டும், மறுக்கிறவரும் இந்த வாதம் விழுந்ததை மறுப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சோதிக்கும் முறை எளிது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வெவ்வேறு பொருளைக் கொடுத்துப் பாருங்கள். மூன்று பேர், மூன்று பூட்டுகள், ஒவ்வொருவரிடமும் ஒரு பூட்டின் சாவி. ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பூட்டைத் திறக்க முடியும். எல்லோராலும் திறக்கக்கூடிய பூட்டு ஒன்றுகூட இல்லை.